தண்ணி எடுத்து வெச்சது யாரு?

2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. உயிர்ப்பு ஞாயிறும் அன்னைக்குத்தான், பேங்குகள் வருசக் கணக்கை முடிக்கிற நாளும் அன்னைக்குத்தான். ஏற்காட்டில் ஒரு கிளையில் கிளார்க்காக இருக்கிற எனக்கு அந்த வருசம் பாடுகளின் வாரம் கணக்கோடதான் போச்சு. என் கைப்பையில் மட்டும் வேறொரு கணக்கு மடிஞ்சு கிடந்தது. ரெண்டு பக்கம், என் கையெழுத்து. மேலே சிவப்பு மையில் வேறொருத்தர் எழுதிய குறிப்பு: "நல்லா இருக்கு. ஆனா அரசியல் வேண்டாம்."

அந்த ரெண்டு பக்கம் எப்படித் திரும்பி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் சொந்த ஊர் இந்த மலையில் இல்லை. கீழே, வடமாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம். பேர் சொல்லப்போறதில்லை. பேர் சொன்னால் அந்த ஒரு ஊர்தான் அப்படி என்று மத்த ஊர்க்காரர்கள் நிம்மதியாகி விடுவார்கள். தவக்காலத்து மூணாம் ஞாயிறு, பூசை முடிஞ்சதும் பங்குப் பேரவைக் கூட்டம். புனித வாரத்துக்குத் திட்டம் போடணும். குருத்து ஞாயிறு பவனி எந்தத் தெரு வழியா, சிலுவைப் பாதையில் எந்த நிலை எந்த அன்பியத்துக்கு, மறையுரைக்கு வெளியூர்ச் சாமியார் யாரு, மைக்செட் யாரு, பெரிய வெள்ளிக்குக் கஞ்சி எங்கே காய்ச்சுறது. படிச்ச பொண்ணு, கவிதை வேற எழுதுறா என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்குக்கும் ஆளுக்கொரு சிந்தனை எழுதி வாசிக்கணும். எனக்கு விழுந்தது அஞ்சாவது வாக்கு. தாகம்.

அப்புறம் பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப்போகிற பன்னிரண்டு பேர் பட்டியலைப் படிச்சாங்க. பதினோரு பேருக்குப் பேர் இருந்தது. அப்பா பேரோட, சிலருக்கு வேலையோட. பன்னிரண்டாவது இடத்தில் பேர் இல்லை. 'காலனியிலிருந்து ஒருவர்' என்று மட்டும் எழுதியிருந்தது. போன வருசப் பட்டியலிலும் அப்படித்தான், அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்க தெரு அண்ணன் காதில் சொன்னார்.

நான் எழுந்து, "அந்த இடத்துல எங்க அம்மா பேரைப் போடுங்க" என்றேன். முப்பது வருசத்துக்கு மேலா அந்தக் கோயிலைக் கூட்டி மெழுகுகிறவர் எங்க அம்மா. "பொம்பளை காலையா?" என்றார்கள். 2013-இல் போப் பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறுவர் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார், அதில் ரெண்டு பேர் பெண்பிள்ளைகள், முஸ்லிம்களும் இருந்தார்கள், 2016 ஜனவரியில் சட்டத்தையே மாத்திப் பெண்களையும் சேர்க்கலாம் என்று ஆணை போட்டுவிட்டார் என்று சொன்னேன். "அது ரோமுக்குச் சரிம்மா, இங்க ஊர் ஒத்துக்கணுமில்ல" என்றார் ஒரு பெரியவர். பங்குத்தந்தை கெட்டவர் இல்லை. சங்கடமாகச் சிரிச்சுக்கிட்டு, "அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று நெனைச்சேன். அவ சொன்னதை அப்படியே எழுதுறேன்:

"எங்காலக் கழுவறதுக்கா சண்ட போட்ட? அடிப்போடி. அந்தக் காலு கழுவறதுக்குத் தண்ணி எடுத்தாந்து குண்டான்ல வெக்கறது நானு. கழுவி முடிச்சா அந்தத் தண்ணியக் கொண்டாந்து வெளிய ஊத்தறது நானு. தொடச்ச துண்டத் தொவைக்கறதும் நாந்தான். அவங்கல்லாம் வூட்லயே சோப்புப் போட்டுத் தேச்சிக்கினு வர்ற காலுடி அது, அதுல என்னா அழுக்கு இருக்கு? ஏசுசாமி ஒரு நாளு செஞ்ச வேலய நான் வருசம் பூரா செய்யறன். எழுதறதுன்னா இதப் போயி எழுது."

என் பட்டப்படிப்பு அன்னைக்கு அந்தத் திண்ணையில் கைகட்டி நின்றது.

தாகம் பற்றி எழுதி அனுப்பினேன். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்களே, அதை எழுதினேன். குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள் என்பதை எழுதினேன். சிலுவையில் தொங்கியவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல், புளிச்ச காடியைக் கடற்காளானில் தோய்த்து, குச்சி நுனியில் வைத்து எட்ட நின்று நீட்டினார்கள். எட்ட நின்று நீட்டுகிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று சிரட்டையிலும் தனிக்கிளாசிலும் குடித்தவர்களுக்குத் தெரியும் என்றும் எழுதினேன். அதுதான் 'அரசியல் வேண்டாம்' என்று திரும்பி வந்த ரெண்டு பக்கம். (அதற்குப் பின், 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அந்த ஊர் தலித்துகள் மூவரையே குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் இதை ஏற்கவில்லை. தாகம் இன்னும் தீரவில்லை.)

குருத்து ஞாயிறு சாயங்காலம் மனசு ஆறாமல் சேர்வராயன் கோயிலுக்கு ஏறிப் போனேன். ஏற்காட்டுக்கு மேலே, 1,623 மீட்டர் உயரத்தில், தலை சீவியது போல தட்டையான உச்சி. அங்கே குகைக்குள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். பாறை தாழ்ந்து கிடக்கிறது. மேனேஜரானாலும் கூலியானாலும் குனிஞ்சுதான் உள்ளே போகணும். இந்த மலையின் பழங்குடிகள் மலையாளிகள். பேர்தான் மலையாளி, பேசுறது தமிழ். மே மாதம் அவர்கள் கொண்டாடுகிற திருவிழாவுக்குச் சுத்துப்பட்டு மலைக்கிராமமெல்லாம் கூடும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதுக்கப்புறம் காடு எஸ்டேட் ஆச்சு, காட்டுக்காரன் கூலி ஆனான். ஆனாலும் சேர்வராயனுக்கு எப்போ படையல், எந்த ஊர் முதல்ல, யார் பூசை என்பதை எஸ்டேட் துரை போய் முடிவு பண்ணவில்லை. சாமி கும்பிடுகிறவர்களே திருவிழாவுக்கும் திட்டம் போடுகிறார்கள். இதை ரொம்பப் புகழ நான் வரவில்லை. எனக்கு அங்கே உறைச்சது ஒண்ணுதான். எங்க கோயிலில் கும்பிடுகிற கூட்டம் நாங்க, திட்டம் போடுகிற கூட்டம் வேற.

பாடுகளின் வாரத்தில் என்ன பிரசங்கம் செய்வது என்று சாமியார்களும் போதகர்களும் புத்தகம் புத்தகமாகத் தேடுகிறார்கள். நான் சொல்வது இது: புனித வாரத்தின் உண்மையான பிரசங்கம் பீடத்தில் நடப்பதில்லை, திட்டக் கூட்டத்தில் நடக்கிறது. பன்னிரண்டாவது வரியில் 'காலனியிலிருந்து ஒருவர்' என்று எழுதிய அந்த நிமிசமே பெரிய வியாழன் மறையுரை முடிந்துவிட்டது. அதன்பிறகு தாழ்ச்சி பற்றி முக்கால் மணி நேரம் பேசினாலும் காற்றோடு போகும்.

தமிழில் இயேசுவின் துன்பத்துக்குப் 'பாடுகள்' என்று பேர். நாங்க காப்பித் தோட்டத்திலும் வயக்காட்டிலும் செங்கல் சூளையிலும் படுறதுக்கும் பாடு என்றுதான் பேர். பாடுபட்டவன் பாட்டாளி. ஒரே சொல். ஆனால் பிரசங்கத்தில் ரெண்டும் சேரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இயேசுவின் பாடு எருசலேமில், எங்க பாடு எங்க தலையெழுத்தில். சேர்கிற ஒரே இடம், 'ஆண்டவர் பொறுமையா சிலுவை சுமந்தார், நீயும் பொறுத்துக்கோ' என்கிற இடம். அதற்கு இயேசு தேவையில்லை, பண்ணையார் போதும்.

அழுவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கோவாவில் பிறந்து இலங்கையில் உழைத்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சாமியார் (1676-1742) எழுதிய வியாகுல பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசித்துத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அழுதிருக்கிறார்கள். ஒப்பாரி எங்க பெண்களின் கலை. செத்தவனோடு நியாயம் பேசுகிற கலை. அதை வெறும் கண்ணீராக்கி, கேள்வியை மட்டும் உருவி எடுத்துவிட்டார்கள்.

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயில், கால்சட்டை மாதிரி ரெண்டு பக்கமாகப் பிரிந்த கோயில். வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலான மற்றவர்களுக்கு ஒரு பக்கம், நடுவே தடுப்பு. 1910-இல் தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர். 2010-இல் பெரியார் இயக்கத் தோழர்கள் போய்க் கடப்பாரை போட வேண்டியிருந்தது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் நடக்கும் பாகுபாட்டை எதிர்த்து நம் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் போனது.

எறையூரை மறக்க முடியுமா? அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். சவ ஊர்வலத்துக்குப் பொதுத்தெரு இல்லை, கல்லறை தனி, பீடத்தில் இடமில்லை என்று குமுறிய தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 2008 மார்ச் 9 ஞாயிறு வன்னியக் கிறித்தவர்கள் சேரிக்குள் புகுந்து தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறித்தவர்கள் ரெண்டு பேர் செத்தார்கள். அவர்களும் தாய் பெத்த பிள்ளைகள்தான். சாதி அவர்களையும் தின்றது. அந்த ஞாயிறு என்ன ஞாயிறு தெரியுமா? தவக்காலத்து அஞ்சாம் ஞாயிறு. அன்று கோயிலில் வாசிக்கவேண்டிய நற்செய்தி, செத்துக் கிடந்த இலாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பி, அவன் கட்டுகளை அவிழ்த்துவிடச் சொன்ன பகுதி. சரியாக ரெண்டு வாரத்தில் உயிர்ப்பு ஞாயிறு வந்தது. அதற்கு அந்த வருசம் தமிழ்நாட்டில் எத்தனை பீடங்களில் எறையூர் என்ற பேர் உச்சரிக்கப்பட்டிருக்கும்?

தெரியாமல் நடக்கிறது என்று யாரும் தப்பிக்க முடியாது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை வெளியிட்டுச் சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்ற கணக்கும் அதில்தான் வந்தது. நான் பேங்குக்காரி, கணக்குப் பார்க்கத் தெரியும். பன்னிரண்டு நாற்காலியில் எங்களுக்கு ஏழுக்கு மேல் வரணும். தமிழ்நாட்டில் எங்க ஊர்க் கணக்கு என்னவோ, ஒண்ணுதான் வந்தது. அதுவும் பேரில்லாமல்.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் புத்தரிடம் போய்விட்டார். நீங்க இன்னும் பாதிரியார் பிரசங்கத்தைத் திருத்திக்கிட்டு இருக்கீங்களா? நியாயமான கேள்வி. கிறித்தவத்துக்கு மாறினவர்களின் நிலைமையைப் பற்றி அம்பேத்கர் எழுதிவைத்ததைப் படித்தவள்தான் நானும். மதம் மாறியும் சாதி மாறாததை அவர் ஈவிரக்கமில்லாமல் சொல்லியிருக்கிறார். 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை எங்களைப் பட்டியலிலிருந்து வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். நாங்க இன்னும் வாசலில். தாலுகா ஆபீஸ் சான்றிதழில் நான் பிற்படுத்தப்பட்டவள், கோயில் பட்டியலில் 'காலனியிலிருந்து ஒருவர்'. ரெண்டு இடத்திலும் என் பேர் இல்லை.

ஆனாலும் சொல்கிறேன். நம் பத்திரிகை ஐநூறு பிரதி போகும். பெரிய வெள்ளி மத்தியானம் மூணு மணிக்கு நம் சனங்கள் லட்சக்கணக்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து ஒருத்தர் பேசுவதைக் கேட்கிறார்கள். அந்த மைக்கை யார் கையிலோ விட்டுவிட்டு, வெளியே நின்று மதம் அபின் என்று சொல்லிக்கொண்டிருப்பது புரட்சி ஆகாது. போகிறவர்கள் போகட்டும், அது அவர்கள் உரிமை. இருக்கிற எங்க அம்மாக்களை யார் கையில் விடுவது?

அந்தக் கதையை நம் கண்ணால் படிக்க முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. 1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் பேசியதிலிருந்து தலித் இறையியல் என்று ஒன்று பிறந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஆனால் அது கல்லூரி மதிலைத் தாண்டி எங்க ஊர்ப் பேரவைக் கூட்டத்துக்கு வரவில்லை. அதனால் பாட்டாளி வாசிப்பு எப்படி இருக்கும் என்று நானே நாள்வாரியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

குருத்து ஞாயிறு. இயேசு ஊருக்கு வெளியேயிருந்து ஊருக்குள்ளே வருகிறார், இரவல் கழுதையில். பவனி ஊர்த்தெருவில் புறப்பட்டு ஊர்த்தெருவிலேயே முடிந்தால் அது அவர் பவனி இல்லை. சேரியிலிருந்து புறப்படட்டும், ஊர்த்தெரு வழியாக வரட்டும். பிணம் போகக்கூடாத தெருவில் குருத்தோலை போகட்டும். பிறகு பிணமும் போகும்.

திங்கள். பெத்தானியாவில் மரியா இயேசுவின் காலில் தைலம் பூசித் தன் கூந்தலால் துடைக்கிற வாசகம். இதைச் சாதாரணமாகத் தாண்டிப்போகிறார்கள். யோவான் நற்செய்தியை வரிசையாகப் படியுங்கள். பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு பெண் அவர் காலைத் துடைக்கிறாள். பதிமூன்றாம் அதிகாரத்தில் அவர் சீடர்கள் காலைத் துடைக்கிறார். முதலில் செய்தது யார்? அவர் ஒரு பெண்ணின் வேலையை எடுத்துச் செய்தார். எங்க அம்மா திண்ணையில் சொன்னது இதைத்தான். பெண்ணின் காலைக் கழுவலாமா என்று கேட்கிறவர்களுக்கு, அந்தச் சடங்கே பெண்ணிடமிருந்து வந்தது என்று சொல்லலாம்.

வியாழன். பேதுரு முதலில் காலை நீட்ட மறுக்கிறான். தாழ்ச்சியினால் என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோணலை. தலைவனே அடிமை வேலை செய்துவிட்டால் மேல்கீழ் என்கிற படிக்கட்டே இடிந்துவிடும், அப்புறம் தனக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவனுக்குப் பயம். நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இருக்கிற அதே பயம்.

வெள்ளி. சிலுவைப் பாதை அஞ்சாம் நிலை, சிரேன் ஊர் சீமோன் சிலுவை சுமக்க உதவுகிறான் என்று படிக்கிறோம். அவன் எங்கே உதவினான்? வெளியூர்க்காரன், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவன், வயக்காட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தவன். பட்டாளத்துக்காரன் பிடித்துக் கட்டாயமாகச் சுமக்க வைத்தான். நம் ஊரில் அதற்குப் பேர் வெட்டி வேலை. அந்த நிலையில் உதவி செய்வதைப் பற்றிப் பேசாமல் வெட்டியைப் பற்றிப் பேசினால் ஒவ்வொரு பெரியவருக்கும் அவர் அப்பன் சுமந்தது ஞாபகம் வரும். கடைசி ரெண்டு நிலைக்கு வாருங்கள். சிலுவையிலிருந்து பிணத்தை இறக்கியது யார், அடக்கம் செய்தது யார்? அரிமத்தியா யோசேப்பும் நிக்கதேமும். ரெண்டு பேரும் ஊர்ச்சபை ஆட்கள், பெரிய மனிதர்கள். வெட்டியான் வேலையை அவர்கள் செய்தார்கள், பண்டிகை நேரத்தில் தீட்டுப் பார்க்காமல் செய்தார்கள். இன்றைக்கும் எங்க அண்ணன் தம்பிகளைத்தான் குழி வெட்டக் கூப்பிடுகிறார்கள். பெரிய வெள்ளி சாயங்காலம் இதை ஒரு பிரசங்கமாகச் சொல்லட்டும், கேட்போம். அப்புறம் சிலுவை முத்தி. யார் முதலில் போகிறார்கள், யார் கடைசியில் போகிறார்கள் என்று வரிசையைப் பாருங்கள்.

சனி ராத்திரி பாஸ்கா விழிப்பு. நேரமாகிறது என்று வாசகங்களைக் குறைப்பார்கள். ஒன்றை மட்டும் குறைக்கக்கூடாது என்று சபைச் சட்டமே சொல்கிறது. அது யாத்திராகமம் பதினாலாம் அதிகாரம். செங்கல் அறுத்த அடிமைகள் கடலைக் கடந்து போன கதை. உயிர்ப்பின் ராத்திரியில் தவிர்க்கவே முடியாத வாசகம் அடிமைகள் விடுதலையான வாசகம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மெழுகுவத்தியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதுவும் ஒரு சாமர்த்தியம்தான்.

மாணவத் தோழர்களே, தவக்காலத்தில் உங்க ஊர்ப் பங்கிலும் இந்தக் கூட்டம் நடக்கும். சர்ச் என்றால் கமிட்டி கூடும். கூப்பிடலை என்றாலும் போங்க. நாலு கேள்வி கேளுங்க. பவனி எந்தத் தெருவில் ஆரம்பிக்குது? பட்டியலில் எங்க ஆட்களுக்குப் பேர் இருக்கா? பீடத்தில் வாசிக்கிறது யாரு? கல்லறையில் சுவர் இருக்கா? பதில் எழுத்தில் கேளுங்க. இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகு எந்தச் சாமியார் வேணும்னாலும் எந்தத் தலைப்பில் வேணும்னாலும் பிரசங்கம் வைக்கட்டும்.

அந்த வருசம் பெரிய வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பேங்கை விட்டு வெளியே வந்தேன். பூமழைக்குக் காத்துக்கிடந்த காப்பித் தோட்டத்துப் பக்கம் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கழுவினாங்களா?"

"கழுவினாங்க."

"காலனியிலேருந்து யாரும்மா உக்காந்தது?"

"யாரும் போவல. பேரு எழுதாத எடத்துல எவன் போயி உக்காருவான்? நாற்காலி சும்மாதான் கெடந்துச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"நானும் தண்ணி எடுத்து வெக்கல. பூச ஆரம்பிக்கப் போற நேரத்துல குண்டானப் பாத்தாரு, காலியா இருந்துச்சு. சாமியாரே போயி பைப்புல புடிச்சாந்தாரு."